முட்டை முதல் மாம்பழம் வரை: நாமக்கல்–சேலம் சாலையில் லத்தீன் கற்பது குறித்து ஒரு முன்னாய்வு

பழைய ரோமானியர்கள் 'ஆரம்பத்திலிருந்து கடைசி வரை' என்று சொல்ல நினைத்தால் 'முட்டையிலிருந்து ஆப்பிள் வரை' என்பார்கள். அவர்களுடைய விருந்து முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடியும். முட்டைக்கு லத்தீனில் ஓவும்; ஆப்பிளுக்கு மாலும். நாமக்கல்லில் பஸ் ஏறி ராசிபுரம் வழியாகச் சேலத்தில் இறங்குகிறவனும் முட்டையில் தொடங்கி மாம்பழத்தில்தான் முடிக்கிறான். 50 கிலோமீட்டர் சொச்சம். மாலும் என்று ஒருமுறை, மல்கோவா என்று ஒருமுறை, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இது தற்செயல் என்று நினைப்பவர்கள் இக்கட்டுரையை இத்தோடு மடித்து வைத்துவிடலாம்.

எனக்கு லத்தீன் வந்த வழி சேலத்துப் பழைய புத்தகக் கடை. அட்டை கிழிந்த ஆங்கிலப் பாடநூல் ஒன்று. முதல் பாடமே மேசை. லத்தீனில் மேன்சா. மேசை, மேசையை, மேசைக்கு, மேசையின் என்று வரிசையாகப் போய் நடுவில் 'மேசையே!' என்று ஒரு வடிவம் நிற்கும். சிறுவன் சர்ச்சில் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார். மேசையைக் கூப்பிடும்போது இப்படிச் சொல்லவேண்டும் என்றாராம் ஆசிரியர். நான் மேசையைக் கூப்பிடுவதே இல்லையே என்று கேட்ட பையனுக்குத் தண்டனை எச்சரிக்கை கிடைத்ததைப் பிற்காலத்தில் அவரே தன்வரலாற்றில் எழுதினார்.

நாமக்கல் பக்கத்துப் பையனுக்கு இந்தச் சிக்கல் எழாது. அது விளி வேற்றுமை, எட்டாவது. தொல்காப்பியர் காலத்திலேயே கணக்கில் வந்துவிட்டது. தவிர, உயிரில்லாததைக் கூப்பிடுவது இங்கே அன்றாட வேலை. புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, கொல்லிமலை ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும்போது 'ஏறு ராசா' என்று கெஞ்சுகிறவர்களுக்கு மேசையைக் கூப்பிடுவதில் என்ன கூச்சம்? ஆங்கிலேயனுக்கு ஆறு வேற்றுமை என்றால் மலைப்பு. எட்டு வைத்திருப்பவனுக்கு ஆறு என்பது தள்ளுபடி விலை.

பாடநூல் மேலும் மேலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகிறது. லத்தீனில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும், பயப்படாதீர்கள். 'நான்', 'அவன்' என்று தனியே சொல்லாமல் வினையின் வாலிலேயே ஆள் ஒளிந்திருப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆகாரத்தில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். ஆனால் உழவனைக் குறிக்கும் அக்ரிகோலாவும் மாலுமியைக் குறிக்கும் நௌத்தாவும் ஆண்பால், குழம்பவேண்டாம். அப்பா, தாத்தா, மாமா என்று ஆகாரத்தில் முடியும் ஆண்பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்தவன் இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழெழுத்தில் லத்தீனை எழுதினால் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. மாலும் என்று நெடிலாகச் சொன்னால் ஆப்பிள். மலும் என்று குறிலாகச் சொன்னால் கேடு. ரோமானியர் இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதிவைத்தார்கள். நம்மிடம் கால் இருக்கிறது, பிழைத்தோம். ஆனால் சேவலும் கல்லுஸ், காய்த்துப்போன தோலும் கல்லுஸ். முதல் எழுத்தின் ஒலி வேறு. நம் ககரம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒரு வாரம் நான் ரோமானியர் உள்ளங்கையில் சேவல் வளர்த்ததாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்வளத்துக்கு வருவோம். மேன்சா என்ற சொல்லை நான் படித்ததே ஒரு மேசையின் மேல் வைத்துத்தான். மேன்சா போர்ச்சுகீசியர் வாயில் மேசாவாகித் தமிழகக் கரைக்கு வந்து மேசையாயிற்று. அதே கப்பலில் கிளாவிஸ் சாவியாக வந்தது. கதவைக் குறிக்கும் யானுவாவின் குட்டி சன்னலாக வந்தது. ஆர்மாரியும் அலமாரியாயிற்று. இறகு என்று பொருள்படும் பென்னா நம் சட்டைப்பையில் பேனாவாகச் செருகி நிற்கிறது. ஆசிரியரைக் குறிக்கும் மகிஸ்தெர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்து, கலவை போடச் சொல்லி அதட்டும் மேஸ்திரியாகிவிட்டார்; அதட்டும் வழக்கம் போகவில்லை. ஆக, அலமாரியைச் சாவியால் திறந்து பேனாவை எடுத்துச் சன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதுகிற யாரும் ஐந்து லத்தீன் சொற்களைத் தொட்டுவிட்டார்கள், கட்டணமில்லாமல்.

அடுத்தது உறவுமுறை. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள். அந்தச் சொல்லே அவுங்குலுஸ் என்ற லத்தீன் சொல்லின் தேய்மானம். ஆனால் ரோமில் அவுங்குலுஸ் என்றால் தாய்மாமன் மட்டும்தான். அப்பாவின் உடன்பிறந்தான் பத்ருவுஸ், அப்பாவின் உடன்பிறந்தாள் அமிதா, அம்மாவின் உடன்பிறந்தாள் மாதெர்தெரா. நான்கும் நான்கு ஆட்கள். கிடா வெட்டுக்கு எந்த மாமனை எந்த வரிசையில் கூப்பிடவேண்டும் என்று அறிந்த வீட்டில் இது பாடமே அல்ல. அவுங்குலுஸ் என்ற சொல்லைப் பிரித்தால் 'குட்டித் தாத்தா' என்று வருகிறது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

சான்று வேண்டுமானால் பிளினிகள். வரலாற்றில் பெரிய பிளினி, சின்ன பிளினி என்று இருவர். பெரியசாமி, சின்னசாமி போலத்தான். பெரியவர் சின்னவருக்குத் தாய்மாமன்; மருமகனைத் தத்தும் எடுத்துக்கொண்டார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது போன இடத்தில் மாமன் உயிரை விட்டார். அதற்குமுன் எழுதிய பெரிய நூலில், இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசை ரோமிடமிருந்து உறிஞ்சுகிறது என்று ஒரு புலம்பல் வைத்திருக்கிறார். மிளகும் மணியும் வாங்கித் தின்று தீர்த்து அணிந்து முடித்தபின் வரும் புலம்பல். அந்தக் காசில் ஒரு பிடி எங்கே போயிற்று என்பதற்கு உள்ளூர்த் தடயம் உண்டு. 1987இல் சேலம் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊருக்கு வந்த வெள்ளி உருகாமல் தப்பியது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. அன்றைய ஆசாரி விடுப்பில் இருந்திருக்கவேண்டும் என்பது என் துணிபு.

இனி ஆய்வின் நடுக்கரு: கோழி. லத்தீனில் பெட்டை கல்லீனா, குஞ்சு புல்லுஸ். நாமக்கல்லில் அன்றாட முட்டை விலை ஐந்து காசு இறங்கினால் ஊரே முகம் வாடும். ரோமில் கோழி வாடினால் போரே நின்றுவிடும். படையோடு கூண்டில் புனிதக் கோழிகள் போகும். அவற்றுக்கென்று புல்லாரியுஸ் என்ற காவலர் உண்டு. போருக்குமுன் தீனி போடுவார்கள். அலகிலிருந்து சிந்தும் அளவுக்கு அள்ளித் தின்றால் நல்ல சகுனம். திரும்பிக்கொண்டால் ஆகாது. கி.மு. 249இல் சிசிலியின் திரெப்பானா கடற்போரில் கோழிகள் தின்ன மறுத்தன. கிளாவுதியுஸ் புல்கெர் என்ற தளபதி, தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் தூக்கிப்போடச் சொன்னார். அன்று ரோம் பறிகொடுத்த கப்பல்கள் 93.

இதைத் தெய்வக்குற்றம் என்று ரோமானிய நூல்கள் முடித்துவிட்டன. நான் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் இந்தக் கேஸை அப்படியே சொல்லிக் கருத்துக் கேட்டேன். அவர் தீவன மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "எத்தன நாளா தீனி எடுக்கல?" என்றார். தெரியாது என்றேன். "எச்சம் வெள்ளையா இருந்துச்சா?" அதுவும் தெரியாது என்றேன். "வெள்ளக்கழிச்சலா இருக்கும். தடுப்பூசி போட்டாங்களா?" கி.மு. 249 என்று நினைவூட்டினேன். "அப்பப் போட்டிருக்க மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டார். 93 கப்பல் இழப்புக்குக் கால்நடை மருத்துவர் பார்வையில் காரணம் சொல்லியிருப்பது, நான் அறிந்தவரை, இவ்வாய்வே முதலாவது.

கோழி வளர்ப்பில் ரோமின் பெரிய கை கொலுமெல்லா, கி.பி. முதல் நூற்றாண்டு. உழவு பற்றிப் பன்னிரண்டு புத்தகம் எழுதினார். எட்டாவதில் கோழிக்குத் தனி மரியாதை. ஓர் ஆளுக்கு 200 கோழிதான் பார்த்துக்கொள்ள முடியும் என்கிறார். (ஒரே கொட்டகையில் பல்லாயிரம் கூண்டுகளைக் காட்டினால் மயங்கி விழுவார்.) நீண்டு கூர்ந்த முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்கிறார். அடை வைக்கும்போது முட்டை ஒற்றைப்படையில் இருக்கவேண்டும் என்கிறார். இந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் களப்பணிக்குக் கிளம்பினேன். களம் என் அம்மாயி வீட்டுப் புழக்கடை.

கூடையில் உமி பரப்பி 13 முட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அம்மாயி ஒத்தப்படை?"

"ரெட்டப்படையில வெச்சா ஒண்ணு கூமுட்டையாப் போயிரும் சாமி."

"ஒத்தப்படையில வெச்சா?"

"அப்பவும் ஒண்ணு போவும். ஆனா மிச்சம் ரெட்டப்படையா நிக்கும்ல."

கொலுமெல்லா காரணம் சொல்லாமல் விட்ட இடம் இது.

அடுத்து அம்மாயி கூடைக்குள் இரண்டு கரித்துண்டும் ஓர் இரும்புத் துண்டும் செருகினார். இடி இடித்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு கலங்கிவிடும், இரும்பு இருந்தால் தாங்கும் என்பது விளக்கம். கொலுமெல்லாவும் இதையே எழுதியிருக்கிறார்: இடிக்கு மாற்றாக வைக்கோலுக்கடியில் பூண்டும் இரும்பாணிகளும் வைப்பார்கள் என்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடையில் கைவிட்டு அந்த இரும்பை எடுத்துப் பார்த்தேன். ஆணி இல்லை. தொலைந்துபோன பூட்டின் துருப்பிடித்த சாவி.

இதன் முக்கியத்துவத்தை வாசகர் உணரவேண்டும். லத்தீனில் ஆணி கிளாவுஸ். சாவி கிளாவிஸ். கொலுமெல்லா ஆணிகளால் என்ற பொருளில் எழுதிய பன்மை வடிவம் கிளாவிஸ் என்றே முடியும், பார்வைக்குச் சாவியேதான். வேற்றுமை உருபில் கவனம் பிசகிய எவரோ அதைச் சாவி என்று படித்து, அந்தப் பாடம் கடல் தாண்டி, காவிரி தாண்டி, அம்மாயியின் கூடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேறு எந்த விளக்கமும் இல்லை. அம்மாயியிடம் கேட்டேன். "ஆணி கெடைக்கல" என்றார். தகவலாளர்கள் தாங்கள் காப்பாற்றி வைத்திருக்கும் மரபை அறியமாட்டார்கள் என்பது ஆய்வுலகம் அறிந்ததே.

பாடத்தைக் கொண்டுவந்தவர் யார்? எனக்கு ஐயம் ஒருவர்மேல். இத்தாலியில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி, மதுரையில் காவி கட்டித் துறவியாக வாழ்ந்து, 1623இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். தமிழும் வடமொழியும் படித்தவர், லத்தீனிலும் எழுதியவர். காலம், இடம், மொழி மூன்றும் பொருந்துகின்றன. பொருந்தாதது ஒன்றுதான். துறவிக்கோலத்துக்கு ஏற்ப அவர் மரக்கறிதான் சாப்பிட்டார். லத்தீன் தெரிந்து இன்றைய நாமக்கல் மாவட்டத்து மண்ணை மிதித்த ஆள், முட்டையைத் தொடவே இல்லை. கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இருக்கமுடியாது. அவரை விட்டுவிட்டேன்.

இறுதிச் சோதனை செயல்முறை சார்ந்தது. கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, நாமக்கல் பஸ் நிலையத்தில் இரண்டு அவித்த முட்டை, மிளகுத்தூளோடு. மிளகு ரோமுக்கும் நமக்கும் பொது. லத்தீனில் பிபெர், நம் பக்கத்துப் பிப்பலியின் வழித்தோன்றல். மிளகாய் அங்கேயும் அன்று கிடையாது, இங்கேயும் அன்று கிடையாது, ஆகவே தவிர்த்தேன். ரோமானியர் விருந்தில் இடது முழங்கையை ஊன்றிப் படுத்தபடி சாப்பிடுவார்கள். கடைசி இருக்கையில் அதையும் முயன்றேன். கண்டக்டர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ரோமின் தேர்ப்பந்தயத் திடலில் எத்தனை சுற்று முடிந்தது என்று காட்ட ஏழு மரமுட்டைகளை உயரத்தில் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்துவார்கள் என்பது நினைவுக்கு வந்ததால், கடந்துபோன முட்டை லாரிகளை எண்ணினேன். ராசிபுரம் வருமுன்பே ஏழு ஆகிவிட்டது. பந்தயம் முடிந்தும் பஸ் போய்க்கொண்டிருந்தது.

சேலத்தில் இறங்கி நேராகப் பழக்கடைக்குப் போனேன். மல்கோவா கேட்டேன்.

"கார்த்திகையில ஏதுங்க மாம்பழம்? சித்திர வைகாசியில வாங்க. இப்ப ஆப்பிள்தான் இருக்கு, நல்ல ஆப்பிள். போடட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். ஆய்வுக்கு ஒவ்வாத பழம். சித்திரையில் மீண்டும் வருகிறேன்.