உயிரோடு இருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

கருங்கலிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தக் கதையைச் சொந்தக் காசில் படமெடுக்கத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு நற்செய்தி. ஒருநாள் உங்கள் பெயரில் அரசு விருது வரும். சும்மா கேடயமும் பொன்னாடையும் இல்லை, ஐந்து லட்சம் ரூபாய் பரிசோடு. உங்கள் வாழ்க்கையை வேறொருவர் படமாக எடுப்பார். அந்தப் படத்துக்கும் அரசு விருது கொடுக்கும். மேடையில் பேசுகிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அதற்குள் நீங்கள் செத்துப் போயிருக்க வேண்டும். வறுமையில் செத்திருந்தால் பேச்சாளர்களுக்கு இன்னும் வசதி.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பஸ் ஏறி அகஸ்தீசுவரம் போய் வாருங்கள். இதே குமரி மாவட்டம்தான். ஜே.சி. டேனியல் அந்த ஊர்க்காரர். முழுப்பெயர் ஜோசப் செல்லையா டேனியல். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் இன்று கும்பிடுகிற மனிதர். ‘விகதகுமாரன்’ என்ற முதல் மலையாளப் படத்துக்குக் கதை எழுதியவர் அவர், இயக்கியவர் அவர், பணம் போட்டவர் அவர், கேமராவைக் கையாண்டவர் அவர், கதாநாயகனும் அவர். கடைசியில் கடனைச் சுமந்தவரும் அவரேதான். அந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை.

அவருடைய தொழில் வரலாற்றைப் பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பிகளே. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் அதில் ஓர் அத்தியாயம்கூடப் பழசாகவில்லை.

முதலில் வாசலில் நிற்கப் பழகவேண்டும். சினிமா கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் போன டேனியலை ஸ்டூடியோக்காரர்கள் உள்ளே விடவில்லை. மனிதர் சளைக்காமல் பம்பாய்க்கு ரயில் ஏறினார். நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், பிள்ளைகளுக்குச் சினிமாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி அங்கே நுழைந்தார். உண்மையைச் சொன்னவனுக்குச் சாத்திய கதவு பொய்யைச் சொன்னவனுக்குத் திறந்தது. இந்தத் துறையில் நுழைவுத் தேர்வு அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

அடுத்து, நிலம் வேண்டும். விற்பதற்கு. டேனியல் குடும்பச் சொத்தை விற்று 1926-இல் திருவனந்தபுரத்தில் ‘டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். நம் பக்கத்துத் தம்பிகளுக்கு அவ்வளவு நிலம் ஏது? அப்பா பால் வெட்டுகிற ரப்பர் விளையில் ஒரு துண்டு இருக்கும், அக்காவின் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிவைத்த பத்து சென்ட் இருக்கும். வீடு கட்ட, கார் வாங்க, பிள்ளையை மெடிக்கலில் சேர்க்க என்று கேட்டால் பேங்க் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போடுவார். சினிமா எடுக்க என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் ஆதார் கார்டையே சந்தேகமாகத் திருப்பிப் பார்ப்பார். ஜங்ஷன் டீக்கடையில் விசாரணை இன்னும் கறாராக நடக்கும்: “லேய் மக்கா, சினிமா எடுக்கப் போறியாக்கும்? வேற சோலி ஒண்ணும் இல்லியா? இந்நேரம் கல்ஃபுக்குப் போயிருந்தா ரெண்டு மாடி கெட்டியிருக்கலாமே.” கேட்கிறவர், அந்த வருஷத் திருவிழாக் கானமேளாவுக்கும் வாணவேடிக்கைக்கும் முதல் ஆளாக ரசீது கிழித்தவர். ஓர் இரவில் புகையாகப் போகிற காசுக்கு ஊரில் மரியாதை உண்டு. படமாக நிற்கிற காசுக்குக் கிறுக்கன் என்று பெயர்.

மூன்றாவது அத்தியாயத்தில்தான் ரத்தம் வரும். டேனியல் தன் கதாநாயகிக்குப் பி.கே. ரோஸியைத் தேர்ந்தெடுத்தார். ரோஸி தலித் பெண், காக்காரிசி நாடகக்காரி. படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் ஓடியபோது அந்த ஒரு குற்றத்துக்காகத் திரையின் மேல் கல் விழுந்தது. திரை கிழிந்தது. ரோஸி ஊரை விட்டே ஓடவேண்டி வந்தது. படம் வெளியான ஆண்டு 1928-ஆ 1930-ஆ என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். கல்லெறிந்த கை எந்தச் சாதிக் கை என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். இன்று உங்கள் படத்தில் ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தால் திரையின் மூலையில் எச்சரிக்கை வாசகம் ஓடவேண்டும். படம் தொடங்கும்போதும் இடைவேளை முடிந்ததும் புகையிலையின் கேட்டைப் பார்வையாளருக்குத் தனியாகக் காட்டவேண்டும். அவருடைய நுரையீரல்மேல் அரசுக்கு அவ்வளவு அக்கறை. ஒரு பெண் நடித்ததற்காகத் தியேட்டரைக் கல்லால் அடித்த நோய்க்கு எந்த மூலையிலும் வாசகம் ஓடியதில்லை.

ரோஸி ஓடிவந்து சேர்ந்த இடம் நம் நாகர்கோவில். லாரி ஓட்டுநர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில், திரையுலகத்தோடு ஒட்டும் உறவும் இல்லாமல் வாழ்ந்து முடித்தார். மலையாளத் திரையின் முதல் கதாநாயகி நாகர்கோவில் தெருவில் கடைக்குப் போய் அரிசியும் மரச்சீனியும் வாங்கியிருப்பார். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். திரும்பிப் பார்க்காததுதான் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்பதைவிட இந்த நாட்டுக்கு வேறு வசவு வேண்டியதில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு சென்னையில் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அமெரிக்கக் கம்பெனிக்கு நினைவு வந்தது, நீலத்துக்கு நினைவு வந்தது. நினைவு வராதவர்களின் பட்டியலை நான் எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

டேனியலுக்கு வருவோம். படம் போட்ட காசை எடுக்கவில்லை. ஸ்டூடியோ போயிற்று, சாமான்கள் போயின. படத்தின் சுருள்கூட இன்று இல்லை. இயக்குநர் பல் வைத்தியர் ஆனார். ஊர் ஊராகப் பல் பிடுங்கிப் பிழைத்தார். நடுவில் சினிமா ஆசை மறுபடி இழுத்தது, கையில் மிச்சமிருந்ததும் கரைந்தது. முதுமையில் வறுமையோடு உட்கார்ந்து, நலிந்த கலைஞர்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகையைக் கேரள அரசிடம் கேட்டார்.

அரசாங்கம் மிக யோசித்து, மிகச் சட்டப்படி, மிக நாகரிகமாக மறுத்தது. நீர் தமிழ்நாட்டில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வசிப்பவர், அங்கே கேளும் என்பதே அந்தப் பதிலின் சாரம். எடுத்தது பேசாப் படம்தானே, பேசாத படம் எப்படி மலையாளப் படமாகும் என்று கேட்ட அறிவாளிகளும் இருந்தார்கள்.

டேனியல் படமெடுத்த காலத்தில் அகஸ்தீசுவரம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சும்மா சேரவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும், கருங்கலுக்குப் பக்கத்துப் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போன பிறகே சேர்ந்தன. அந்தப் போராட்டத்தில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் எல்லைக்கோட்டை இடம் மாற்றியவர்கள் அகஸ்தீசுவரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஃபைல் மட்டும் ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்குப் போனது. போன வழியில் ஒரு கிழவரின் கஞ்சி கீழே விழுந்துவிட்டது. அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு அவர் தமிழர். சென்னைக்கு, அவர் எடுத்தது தமிழ்ப் படம் அல்ல.

1975 ஏப்ரல் 27 அன்று டேனியல் இறந்தார். இறந்ததும் அவருடைய தகுதிகள் மளமளவென்று கூடின. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதி எழுதிப் போராடிய பிறகு கேரள அரசு விழித்துக்கொண்டது. 1992-இல் ஜே.சி. டேனியல் விருது நிறுவப்பட்டது. மலையாள சினிமாவில் வாழ்நாள் சாதனைக்கு மாநிலம் கொடுக்கும் உச்ச விருது இன்று அதுதான். 2013-இல் கமல் என்ற மலையாள இயக்குநர் டேனியலின் கதையை ‘செல்லுலாய்ட்’ என்று எடுத்தார். பிருத்விராஜ் டேனியலாக நடித்தார். கேரள அரசு அதைச் சிறந்த படம் என்று தேர்ந்தெடுத்தது. உதவித்தொகை மறுக்கப்பட்டவனின் கதைக்குப் பரிசு, மறுத்த அரசின் கஜானாவிலிருந்து. பிறந்த மாநிலம் எது, வசிக்கும் மாநிலம் எது என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. பிணத்துக்கு ரேஷன் கார்டு தேவையில்லை அல்லவா?

கேரளத்தைத் திட்டுகிறான் என்று கைதட்டப் புறப்பட்டவர்கள் கையைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு 2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகளை 2017-இல் அறிவித்தது. அறிவித்ததைக் கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். ஆட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினார்கள், குழந்தை நட்சத்திரங்களுக்கு மீசை முளைத்தது, விருது மட்டும் அறிவிப்பாகவே இருந்தது. கேரளம் செத்த பிறகு கொடுத்தது. நாம் சாகிறார்களா என்று பொறுத்திருந்து பார்த்தோம். இரண்டில் எது பண்பாடு என்று பட்டிமன்றம் வைக்கலாம். நடுவருக்கு உடனே சம்பளம் கிடைக்கும்.

இனி கருங்கல் தம்பி இன்று படமெடுக்கும் முறையைப் பார்ப்போம். கதையில் ஓர் ஆடு வருகிறது என்று வையுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஆடு. பாட்டி சம்மதித்துவிட்டாள், ஆடும் மறுப்புச் சொல்லவில்லை. போதாது. விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். வாரியம் ஒரு காலத்தில் சென்னையில் இருந்தது. இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. கருங்கல் ஆடு கேமராவைப் பார்த்துத் தலையாட்டலாமா என்பதை நாட்டின் மறுகோடியில் இருக்கும் அதிகாரி தீர்மானிப்பார். ஆட்டுக்குக் கேட்க ஒரு வாரியம் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. இயக்குநருக்கு அப்படி ஒன்று இல்லை என்பதை ஆடு அறியாதவரை நல்லது.

தணிக்கைக் குழு வெட்டச் சொன்னால் மேல்முறையீடு செய்ய ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு அதை இழுத்து மூடியது. இனி உயர் நீதிமன்றம் போகலாம். கருங்கல் தம்பிக்கு மதுரை அமர்வு பக்கம்தானே! வக்கீல் ஃபீசுக்கு அக்காவின் பத்து சென்ட் இருக்கிறதல்லவா?

அடுத்து தியேட்டர். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ஒன்று கொடுப்பார்கள். வேலைக்குப் போகிறவன் வரமுடியாத நேரம். கூட்டம் வரவில்லை என்று சனிக்கிழமை அதையும் எடுப்பார்கள். ஓடிடிக்காரரிடம் போனால், தியேட்டரில் ஓடிய பிறகு வாருங்கள் என்பார். தியேட்டர்காரரிடம் போனால், ஓடிடிக்கு விற்றாயிற்றா என்று கேட்பார். இரண்டு பேரும் கதையை விசாரிக்க மாட்டார்கள். ஹீரோ யார் என்று கேட்பார்கள். பேசுகிற தம்பியின் குமரித் தமிழைக் கேட்டுவிட்டு, நீங்க மலையாளியா என்பதும் அந்த ஏசி அறையில் வழக்கமான கேள்வி. திருவனந்தபுரத்துக்குப் போனால் அதே தம்பி பாண்டி. டேனியலுக்கு வந்த பதில் இன்னும் செல்லுபடியாகிறது, பாருங்கள்.

உலகம் பாராட்டினால் வழி பிறக்கும் என்பார்கள். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே. சிறுவயதிலேயே திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர் எடுத்த படம். அது ஓடிடி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்தது 2023 அக்டோபரில். நெதர்லாந்துக்காரன் பார்த்து இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. இன்னும் பின்னே போனால் ஜான் ஆபிரகாம் இயக்கி வெங்கட் சாமிநாதன் எழுதிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ இருக்கிறது. 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. அதைத் தியேட்டரில் பார்த்தேன் என்று சொல்லும் தமிழர் யாரையாவது சந்தித்தால் அவர் காலைத் தொட்டு வணங்குங்கள். கழுதை ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் தமிழ்நாட்டில் எல்லா அக்ரஹாரங்களும் ஒற்றுமையாக இருந்தன. பிராமணர் இல்லாத அக்ரஹாரங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அரசையும் தியேட்டரையும் வைதுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. கருங்கல் பையன் ஒருவன் நாளைக்கு வெளிநாட்டில் பரிசு வாங்கினால் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறவர்கள் நாம்தான். மண்ணின் மைந்தன் என்று பெரிய எழுத்தில் போடுவோம். அதில் அவன் முகத்தைவிட நம் முகங்கள் பெரிதாக இருக்கும். இன்ன சாதிப் பிள்ளை, இன்ன சபைப் பிள்ளை என்று இரண்டாவது வாரம் பங்குபிரிப்போம். படம் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், டெலிகிராமில் வந்ததும் அனுப்புடே என்போம். டேனியலின் திரையைக் கிழிக்க ஆட்கள் கல் எடுத்துக்கொண்டு தியேட்டர் வரை நடந்தாவது போனார்கள். நாம் அந்தச் சிரமமும் படுவதில்லை.

சிலை வேண்டாம். உங்கள் பையன் பெயரில் விருது வேண்டாம். அவன் படம் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ காலைக் காட்சியாக ஓடும் வெள்ளிக்கிழமை, அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் டிக்கெட் எடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்து அவன் முகத்துக்கு நேரே திட்டுங்கள். அவன் உயிரோடு இருக்கும்போது திட்டினால் அடுத்த படத்தையாவது திருத்திக்கொள்வான். டேனியல் கேட்டது மாதாமாதம் ஒரு சிறு தொகை. மறுத்தவர்கள் அவர் இறந்து 17 ஆண்டு கழித்து விருது வைத்தார்கள். அதில் ஒரு ரூபாய்கூட அவர் வாய்க்குப் போகவில்லை.