பெயின்ட்டு ஜோரு, வளைவுல பாரு

ஏங்கண்ணு, ராப்பூரா கம்ப்யூட்டர் முன்னால குந்தி, ரேஸ் கேமுல ஓட்டறதுக்கு ஹோண்டா எஸ்2000 காரு செஞ்சு, அதுக்குச் சீட்டுத் தையல் போட்டுக்கிட்டிருக்கறயாமா? உங்கம்மா பெருமையாச் சொன்னா. ரொம்ப சந்தோசம். போன நோம்பிக்கு ஹெட்லைட்டு, இந்த நோம்பிக்குத் தையலு. அடுத்த நோம்பிக்குள்ள அந்தச் சிவப்பு ஸ்டார்ட் பட்டனையும் முடிச்சுப்போட்டீன்னா, அப்பறம் காரு ஓடவே வேண்டாம். ஃப்ரேம் போட்டு நடுவூட்டுல மாட்டிக்கலாம்.

நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுன கை இது. எங்க பட்டறைக்கும் வருவாங்க. "ஏனுங்ணா, பாடி எப்படியோ போகுட்டு, முன்னால முருகன் படம் பளிச்சுனு இருக்கோணும்"பாங்க. எழுதிக் குடுத்தோம். பாரத்த ஏத்திக்கிட்டு கொல்லிமலையில எழுவது கொண்டை ஊசியும் திரும்பறப்பத்தான் அந்த முருகனுக்கு வேலை வந்துச்சு.

உன்ற அசெட்டோ கோர்ஸாவும் லேசுப்பட்டதில்ல. ரோமுக்குப் பக்கத்துல வல்லெலுங்கா ரேஸ் டிராக்குலயே ஆபீசு போட்டு உக்காந்த குனோஸ்காரனுக, 2014-ல முழுசா வெளிய விட்ட கேமு அது. செகண்டுக்கு 333 தடவ கணக்குப் போடுதாம். அந்தக் கணக்குல உன்ற தையலு எங்கயும் வராது. டேட்டா ஃபோல்டர்ல நீ எழுதுனது மட்டும்தான் வரும். எங்க, சித்தெ தொறந்து காட்டு.

அடேயப்பா! வேற எவனோ பண்ண காரோட ஃபைலத் தூக்கிப்போட்டு, பேர மட்டும் மாத்தியிருக்கறே. மேல ஹோண்டா, உள்ள ஊரு பேரு தெரியாத ஒறம்பரை. கெட்டிக்காரன்டா நீயி.

எடைக்கு 1,240-னு போட்டிருக்கறே. ஜப்பான் கேட்டலாக்குல அதுதான், தப்பில்ல. ஆனா அந்த வரியில ஓட்டறவனையும் சேத்துப் போடோணும், பெட்ரோல விட்டுப்போடோணும். உன்ற காருல டிரைவரு ஆவியா உக்காந்திருக்கறானா? கீழ, திரும்பறதுக்குக் காரு எவ்வளவு முரண்டு புடிக்கும்னு சொல்ற இனெர்ஷியா வரிய வேற தொடவே இல்ல. இஞ்சின முன் ஆக்சிலுக்குப் பின்னால தள்ளி வெச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் பாதிப் பாதி பாரம் வர்ற மாதிரி கட்டுன காருடா இது. பாரம் நடுவுல கூடிக் கெடக்கறதாலதான் வெடுக்குனு திரும்புது. அந்த வரியில கெடக்கற நீளத்துக்கு டேங்கர் லாரி திரும்பற மாதிரியில்ல திரும்பும்.

இப்ப கியரப் பாக்கலாம். கடைசி ரேஷியோ 4.1-னு எழுதியிருக்கறே. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும், நீயும் அக்கட்டால இக்கட்டால பாக்காம எழுதிப்போட்டே. இந்தக் காரு கியர்பாக்ஸுல 1.16-னு இன்னொரு குறைப்பு கியரு ஒளிஞ்சிருக்குது கண்ணு. ரெண்டையும் பெருக்குனா 4.756. அத உட்டீன்னா, இஞ்சின் நிமிசத்துக்கு 9,000 சுத்து சுத்தறப்ப மொதக் கியரு 72 கிலோமீட்டர்ல முடிய வேண்டியது 83 வரைக்கும் இழுக்கும். இழுவை செத்துப்போயி, "என்ன காரு இது, சவசவங்குது"ம்பான் ஓட்டறவன். நீ அதுக்குப் பதிலா இஞ்சின் சத்தத்த இன்னுங் கொஞ்சம் ஏத்தி வெப்பே, எனக்குத் தெரியாதா? 6,000 சுத்துக்கு மேல வீடெக் வால்வு மாறிக் கத்தறது மட்டும் அச்சு அசலா இருக்குது, அது வரைக்கும் சரி.

பவர்னு ஒரு ஃபைலு வெச்சிருக்கானே, அதுல குதிரைசக்திய எழுதி வெச்சிருப்பேன்னு பயந்தேன். டார்க்குதான் எழுதியிருக்கறே, பொழச்சே. ஆனா 7,500 சுத்துக்கு 218 நியூட்டன் மீட்டர அப்படியே போட்டிருக்கறே. அது இஞ்சின்ல அளந்தது. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் தின்னது போக சக்கரத்துக்கு வர்றதத்தான் அந்தக் கேமு கேக்குது. நூத்துக்குப் பதினஞ்சு கழிச்சா 185 சொச்சம். கம்பெனி சொல்ற 250 குதிரையில நாலஞ்சு குதிரை வழியிலயே படுத்துக்கும்னு நெனைக்காதே, ஒரு லாயமே படுத்துக்கும்.

ஸ்பிரிங்கும் அந்தக் கதைதான். ஸ்பிரிங்கு மேல எழுதியிருக்கற கணக்கு வேற, சக்கரம் உணர்றது வேற. இதுல நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். விஷ்போன் கையோட முக்கால் தூரத்துல ஸ்பிரிங்கு குந்தியிருந்துச்சுன்னா, முக்கால முக்காலால பெருக்கிக்கோ. சக்கரத்துக்குப் பாதிக்குச் சித்தெ மேலதான் கெடைக்கும். கேமு கேக்கறது சக்கரத்துக் கணக்க. நீ ஸ்பிரிங்கு கணக்கப் போட்டா, பள்ளத்துல எல்லாம் காரு ஆட்டுக்குட்டியாத் துள்ளும்.

அப்பறம் ஒண்ணு. மொதல்ல வந்த எஸ்2000 வளைவு நடுவுல ஆக்சிலேட்டர உட்டா பின்பக்கம் சட்டுனு வெலகிப்போகும்னு பேரு வாங்குனது. 2004 மாடலுக்கு ஹோண்டாவே சஸ்பென்ஷன மாத்தி அந்தத் திமிரக் கொறச்சுது. உன்ற காரு 1999 மாடலு. எவனாவது "பின்னால வழுக்குது, சரி பண்ணு"னு கேட்டா, பின் டயருக்கு நைசா புடிமானத்த ஏத்தி உட்டுறாதே. வழுக்கோணும். அதுக்குத்தான் அந்தக் காரு.

சீட்டு, டேஷ்போர்டெல்லாம் வேற கேமுல இருந்து உருவுனதா என்னமோ உன்ற சேக்காளி வாயத் தொறந்துட்டான். அது திருட்டு, அழிச்சுப்போடு. நீயே கோணலாச் செஞ்சாலும் அது உன்றது.

ஸ்டார்ட் பட்டன அப்பறம் பாத்துக்கலாம். இப்பப் போயி டிரைவ்டிரெய்ன் ஃபைலத் தொறந்து 4.756 போடு.