பணம் கட்டியாயிற்று, படிக்கத்தான் ஆள் வேண்டும்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்களை வீட்டிலிருந்தே பயன்படுத்துவது குறித்து வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: கூகலில் தட்டினால் எல்லாம் வருகிறதே, நூலகத் தரவுத்தளம் எதற்கு? (ஈசூன் வாசகர்)

எல்லாம் வருவதில்லை, எல்லாவற்றின் தலைப்பும் வருகிறது. ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றைச் சொடுக்கிப் பாருங்கள். முதல் பக்கம் முடிவதற்குள் கடன் அட்டை எண்ணைக் கேட்கும். அதே கட்டுரைக்கு நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கக்கூடும். அது பொதுப்பணம், அதாவது உங்கள் பணம். ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுப்பானேன்?

கேள்வி: சந்தா இருப்பதை நம்பித்தான் அந்தத் தளத்துக்குப் போனேன். அப்போதும் காசு கேட்டதே? (தெம்பனிஸ் வாசகி)

நேராகப் போனதுதான் காரணம். நீங்கள் யார் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது; எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கும். நூலகத்தின் முகவரி என்றால் திறக்கும், உங்கள் வீட்டு வைஃபை என்றால் திறக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல நூலகங்கள் நடுவில் ஒரு பிராக்சியை வைக்கின்றன. அது உங்கள் உறுப்பினர் விவரத்தைச் சரிபார்த்து, உங்கள் கோரிக்கையை நூலகத்தின் முகவரியிலிருந்து அனுப்பும். அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு சமுதாயக் கல்லூரியில் பணியாற்றிய கிறிஸ் சாகர் 1999இல் உருவாக்கிய ‘ஈசிபிராக்சி’ இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. எனவே வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நூலகத்தின் மின்வளத் தளம், அடுத்து உள்நுழைவு, அதன்பின் அங்குள்ள பட்டியலிலிருந்து தரவுத்தளம். நடுவில் ஒரு பக்கத்தைப் புக்மார்க் செய்து மறுநாள் அங்கிருந்து தொடங்கினால் பழையபடி காசு கேட்கக்கூடும்.

கேள்வி: முறையாக உள்நுழைந்தும் சில வளங்கள் ‘நூலகத்தில் மட்டும்’ என்கின்றனவே? (ஜூரோங் வாசகர்)

அது ஒப்பந்தம். சில பதிப்பாளர்கள் வீட்டிலிருந்து படிக்கும் உரிமையைத் தருவதில்லை. தந்தாலும் தனி விலை கேட்பார்கள். நாளிதழ்களில் காப்புரிமையும் குறுக்கே நிற்கும். வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ நாளிதழ்த் தளத்தில் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே விரிக்கலாம். பிற்கால இதழ்கள் சிலவற்றுக்கு நூலகக் கணினிதான் வழி. ஆனாலும் தேடலை வீட்டிலேயே முடியுங்கள். தேதியையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனால், அங்கே படிப்பது மட்டுமே வேலை.

கேள்வி: என் பாட்டி ஐம்பதுகளில் தமிழர் திருநாள் மேடையில் ஆடியவர். பழைய தமிழ் முரசில் அவர் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. (பிடோக் வாசகி)

பாட்டி அங்கே இருக்கக்கூடும். கணினிக்கு அவரைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். மங்கிய மை, எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ வடிவங்கள், வரியின் கடைசியில் இரண்டாக உடைந்த பெயர் என்று கணினி தடுக்கி விழ இடம் நிறைய. பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பிடியுங்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிய அந்த விழா பொங்கலை ஒட்டியது. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் ஜனவரி இதழ்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆங்கில நாளிதழ்களில் தேடும்போது லட்சுமி, லெட்சுமி, லெட்சிமி என எழுத்தர் காதில் விழுந்திருக்கக்கூடிய எல்லா ஒலிகளையும் ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். பாட்டியின் தாத்தாவையும் தேடும் எண்ணம் உண்டென்றால், 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கிறது.

கேள்வி: பள்ளித் திட்டவேலைக்குச் செயற்கை நுண்ணறிவு ஐந்து கட்டுரைகளைச் சொன்னது. அப்படியே போடலாமா? (உட்லண்ட்ஸ் மாணவர்)

பொறு தம்பி. அது உண்மையான ஆசிரியர் பெயரையும் உண்மையான ஆய்விதழையும் சேர்த்து, யாரும் எழுதாத கட்டுரையைச் சொல்லிவிடும். ஐந்து தலைப்புகளையும் தரவுத்தளத்தில் தேடு. கிடைக்காததை விடு, கிடைத்ததைப் படித்த பிறகு போடு. தேடும்போது முழுக் கேள்வியைத் தட்டாதே. இரண்டு மூன்று முக்கியச் சொற்களும் ஓர் ஆண்டு வரம்பும் போதும். நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பார். அடுத்த பத்துக் கட்டுரைகளுக்கு அதுவே வழி சொல்லும்.

கேள்வி: கிடைக்கும்போதே மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டால் என்ன? (பொங்கோல் வாசகர்)

உங்களால் எல்லாருக்கும் கதவு அடைபடலாம். 2010 அக்டோபரில் ஒருவர் ‘ஜேஸ்டோர்’ என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் கட்டுரைகளை நிரல் எழுதிப் பெருமளவில் இறக்கியதால், எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் முழுவதற்குமே அந்தச் சேவை சில நாள் நின்றுபோனது. படிக்கப்போவதை மட்டும் இறக்குங்கள்.

கேள்வி: சென்னையில் ஆய்வு செய்யும் என் தங்கைக்கு என் கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா? (செங்காங் வாசகி)

கூடாது. சிங்பாஸ் வழியாக நுழைபவர் என்றால் கூடவே கூடாது. உங்கள் அரசாங்க விவகாரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. தங்கைக்கு வேறு வழிகள் உண்டு. ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்தில் படிக்கலாம். பழந்தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ தளம். இரண்டும் இலவசம்.

கேள்வி: நூலகரைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (தோ பாயோ வாசகர்)

கூச்சம் எதற்கு ஐயா? வழிகாட்டுவதற்காகவே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். என்ன தேடுகிறீர்கள், எங்கெல்லாம் தேடியாயிற்று என்ற இரண்டையும் எழுதி அனுப்புங்கள். தேடிய இடத்திலேயே அவர்களும் தேட வேண்டியிராது.

கேள்வி: நான் ஒருவர் பயன்படுத்தாவிட்டால் நூலகத்துக்கு என்ன நட்டம்? (அங் மோ கியோ வாசகி)

நட்டம் எல்லாருக்கும். எந்தத் தரவுத்தளம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைக் கணக்கிட 2002இல் தொடங்கிய ‘கவுன்ட்டர்’ என்ற பொது அளவுமுறையே இருக்கிறது. சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில் நூலகங்கள் இத்தகைய எண்களைப் பார்க்கின்றன. யாரும் தொடாத தரவுத்தளத்துக்கு அடுத்த ஆண்டும் காசு ஒதுக்குவது கடினம். பிறகு உண்மையிலேயே அதைத் தேடி வரும் மாணவர் வெறுங்கையோடு திரும்புவார். இந்த வாரம் ஒரு கட்டுரையாவது திறந்து படியுங்கள். உங்களுக்கு அறிவு, மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டுச் சந்தா.