பால்கனி வேண்டி ஒரு பணிவான மனு

அனுப்புநர்:
ஜன்னலில்லா உள்ளறைப் பயணி,
கீழ்த்தளம், கப்பலின் முன்முனை.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
வருவாய் மேலாண்மைத் துறை,
சொகுசுக் கப்பல் கம்பெனிகள்,
மியாமி, ஃபுளோரிடா.

பொருள்: காலியாக உள்ள பால்கனி அறைக்கு மனுதாரரை ஏலம் கேட்கவைத்தது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் மின்னஞ்சல். 2. அதன் நினைவூட்டல். 3. நினைவூட்டலுக்கு நினைவூட்டல்.

ஐயா,

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தங்கள் கப்பலில் இருப்பதிலேயே மலிவான அறையை அவர் வாங்கியிருக்கிறார். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் வித்தியாசம் தெரியாது. இதில் அவருக்குக் குறையேதும் இல்லை. காசுக்கேற்ற தோசை என்று தெரிந்தேதான் வாங்கினார். பயணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது தங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தம் அறையை உயர்த்திக்கொள்ளும் தகுதி அவருக்கு உண்டு என்று வாழ்த்தியிருந்தீர்கள். “என்ன தகுதியாம்?” என்று வீட்டில் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்கும் பக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது.

முன்பெல்லாம் இது வேறு மாதிரி நடந்தது. கப்பல் புறப்படும் தறுவாயில் மேல்தட்டு அறைகள் மிஞ்சினால், பல முறை வந்துபோன பழைய வாடிக்கையாளர் யாருக்காவது சும்மா கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் தொலைபேசியில் ஓர் ஊழியர் அழைத்து, “இன்னும் இவ்வளவு டாலர் கொடுத்தால் பால்கனி” என்பார். அமெரிக்கக் கப்பல் ரசிகர்கள் அந்த அழைப்புக்கு ‘அப்செல் தேவதை’ என்று செல்லப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். கையில் விலைப்பட்டியலோடு வந்த தேவதைதான். ஆனாலும் விலையை அவளே சொன்னாள். பயணி ஆமாம் அல்லது வேண்டாம் என்றால் போதும்.

இப்போது விலையைச் சொல்ல வேண்டியவர் பயணி. ராயல் கரீபியனில் ‘ராயல்அப்’, செலிப்ரிட்டியில் ‘மூவ்அப்’, நார்வீஜியனில் ‘அப்கிரேடு அட்வான்டேஜ்’ என்று கடைக்கு ஒரு பெயர்ப்பலகை. உள்ளே சரக்கு ஒன்றுதான். மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்டு 2009இல் தொடங்கிய பிளஸ்கிரேடு என்ற நிறுவனம், இத்தகைய ஏல மேடைகளைப் பல விமான நிறுவனங்களுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் நடத்திக்கொடுக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தாங்கள் வைக்கிறீர்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதை, திரையிலுள்ள ஒரு பொத்தானை வலப்பக்கம் நகர்த்திப் பயணி சொல்ல வேண்டும்.

அந்தத் திரையில் ஒரு முள் இருக்கிறது. மனுதாரரை இந்த மனு எழுதத் தூண்டியதே அந்த முள்தான். குறைந்தபட்சத் தொகையில் அது சிவப்பில் படுத்துக்கிடக்கிறது. தொகையை ஏற்ற ஏற்ற எழுந்து பச்சையை நோக்கி நகர்கிறது. பார்ப்பவருக்குத் தம் வாய்ப்பு உயர்வதாகத் தோன்றும். ஆனால் எத்தனை அறை காலி, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், பக்கத்து அறைக்காரர் எவ்வளவு போட்டார் என்ற எதையும் அது காட்டுவதில்லை. பச்சையைத் தொட்டவருக்கும் அறை நிச்சயமில்லை என்று விதிமுறைகளில் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முள் யாருடைய நாடியைப் பார்த்துச் சொல்கிறது என்று மனுதாரர் அறிய விரும்புகிறார்.

கணக்கிலும் ஒரு சின்ன விஷயம். திரையில் தெரியும் தொகை ஓர் அறைக்கு அல்ல, ஓர் ஆளுக்கு. 200 டாலர் என்று போட்டால் இருவர் உள்ள அறைக்கு 400. தனியாகப் பயணிப்பவருக்கும் அதே 400தான். இல்லாத துணைக்கும் சேர்த்து அவர்தான் கட்ட வேண்டும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தொகை கிடையாது. நான்கு பேர் குடும்பத்துக்கும் தனி ஆளுக்கும் ஒரே பில் போடும் இந்த சமத்துவத்தை மனுதாரர் வேறெங்கும் கண்டதில்லை. ஏலம் கிடைத்துவிட்டதா என்று தெரிய, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்புவரைகூடக் காத்திருக்க நேரலாம். ஆனால் பணம் மட்டும் ஏற்றுக்கொண்ட அந்த நொடியே போய்விடும். திரும்ப வராது.

எங்கள் பக்கத்தில் ஏலச்சீட்டு என்று ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை எல்லோரும் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்காருவார்கள். யார் எவ்வளவு தள்ளிக் கேட்கிறார் என்பது அத்தனை பேர் காதிலும் விழும். மூன்றாம் தரம் சொல்லும்வரை யாரும் ஏறலாம், யாரும் விலகலாம். காபி உண்டு. சீட்டு பிடிக்கும் அம்மா ஒருநாளும் ஒரு முள்ளைக் காட்டி “உங்கள் கேள்வி கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது” என்று சொன்னதில்லை.

தங்கள் முறையில் மூடிய உறைக்குள் கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். போட்டிக்கு ஆளே இல்லாமல் போனாலும் பச்சைவரை ஏறியவர் பச்சை விலையைத்தான் கட்டுவார். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர், ஏலத்தில் வென்றவர் இரண்டாவது அதிகத் தொகையைக் கட்டினால் போதும் என்ற முறையை 1961இல் ஒரு கட்டுரையில் அலசியிருக்கிறார். அந்த முறையில் அடுத்தவன் என்ன கேட்பான் என்று யாரும் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். தமக்கு அந்த அறை எவ்வளவு பெறுமோ அதை எழுதிவிட்டுத் தூங்கலாம். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டார். ஆகவே தங்கள் துறைக்கு நேரில் வந்து விளக்கும் நிலையில் அவர் இல்லை என்பதை மனுதாரர் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறார்.

தங்கள் தரப்பு நியாயமும் மனுதாரருக்குத் தெரியாமல் இல்லை. கப்பல் கிளம்பிவிட்டால் காலி அறை காலிதான். அந்த வாரத்து வாடகை கடலோடு போச்சு. ஒரு சூட் காலியாக இருந்தால் பால்கனிக்காரர் ஒருவரை அதில் ஏற்றலாம். அவர் விட்ட பால்கனிக்கு ஜன்னல்காரர், ஜன்னலுக்கு உள்ளறைக்காரர். கடைசியில் காலியாவது எளிதில் விலைபோகும் மலிவான உள்ளறை. அதைப் புதிதாக வரும் ஒருவருக்கு விற்றுவிடலாம். ஒரு காலி அறையைக் கொண்டு நான்கு பேரிடம் பணம் வாங்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மூளைக்கு மனுதாரர் தலைவணங்குகிறார். இதில் சில பயணிகளுக்கும் லாபம் உண்டு. குறைந்தபட்சத் தொகை போட்டு சூட் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் முன்பே முழு விலை கொடுத்துப் பக்கத்து சூட்டை வாங்கியவரோடு இரண்டாம் நாள் காலை உணவில் அவர்கள் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே கப்பலின் அமைதிக்கு நல்லது.

அறை காலியாக இருந்தும் கொடுக்க முடியாத நேரங்களும் உண்டு. 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளலாம். 2,805 அறைகள். அறைக்கு இருவர் என்றால் 5,610 பேர். ஆனால் மூன்றாம், நான்காம் படுக்கைகளையும் சேர்த்தால் 7,600 பேர்வரை ஏற்றலாம். அறைக்கு இருவர் என்பதையே 100 சதவீதம் என்று தாங்கள் கணக்கிடுவதால், 100க்கு மேல் நிரம்பிய கப்பலிலும் ஓர் அறை காலியாக இருக்கக்கூடும். ஒவ்வொரு அறைக்கும் ஆபத்துக்காலக் கூடுமிடம் ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியில் ஆள் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் நால்வர் குடும்பத்தை அங்கே மாற்ற வழியில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இந்த விதியைப் பற்றி மனுதாரருக்கு ஒரு கேலியும் இல்லை. முள் அதையும் சொல்லியிருக்கலாம் என்பதுதான்.

இனி, உயர்ந்த பிறகு கிடைப்பது என்ன என்பதற்கு வருவோம்.

பால்கனி என்பது கப்பலோடு கூடப் பிறந்ததல்ல. 1984இல் வந்த ராயல் பிரின்சஸ், எல்லா அறைகளும் கடலைப் பார்த்தபடி அமைந்ததற்காகவே பேசப்பட்டது. 1990இல் நார்டிக் எம்ப்ரெஸ் என்ற பெயரில் பயணம் தொடங்கிய கப்பலில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான். கைமாறி, பெயர்மாறி, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கோர்டேலியா எம்ப்ரெஸ் அதே கப்பல்தான். அதில் போய்வந்த நம்மவர்கள் பலர் ஜன்னலோடு திருப்தியாகத் திரும்பினார்கள். பிறகு பால்கனிகள் பெருகின. கப்பல்கள் அகன்றன. அகன்ற கப்பலின் வயிற்றுக்குள் கடல் எட்டாத இடமும் பெருகியது. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் அதற்கும் வழி கண்டது: கப்பலின் நடுவே ‘சென்ட்ரல் பார்க்’ என்று நிஜச் செடிகொடிகளோடு ஒரு தோட்டம், அதைப் பார்த்தபடி பால்கனிகள். பட்டியலில் தனி வகையாகவே போட்டிருக்கிறார்கள், ஏமாற்று இல்லை. ஆனால் கடற்பயணத்தில் பால்கனிக்கு வந்து நின்றால் எதிர்ப் பால்கனிக்காரர் துண்டு உலர்த்துவது தெரியும். அதைச் சொந்த ஊர் அடுக்குமாடியிலேயே பார்த்திருக்கலாம்.

ஜன்னலே வைக்க முடியாத அறைகளுக்குத் திரை வந்தது. 2011இல் டிஸ்னி ட்ரீம் கப்பலின் உள்ளறைகளில், வெளியே உள்ள கேமரா படம் வட்ட ஜன்னல்போல ஒரு திரையில் ஓடியது. ராயல் கரீபியன் 2014இல் நேவிகேட்டர் ஆஃப் தி சீஸ் கப்பலில் தரையிலிருந்து கூரைவரை 80 அங்குலத் திரை வைத்து, அதற்கு முன்னால் கைப்பிடிக் கம்பியும் இருப்பதுபோல் காட்டி, ‘மெய்நிகர் பால்கனி’ என்று பெயர் கொடுத்தது. கடல் காற்று மட்டும் வராது.

ஃப்ரீடம் ஆஃப் தி சீஸ் கப்பலின் 6305ஆம் எண் அறையை இங்கே பாராட்டியே ஆக வேண்டும். கப்பலுக்குள் ஓடும் கடைத்தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை அது. ஆனால் ஜன்னலுக்கு நேர் எதிரே பென் அண்ட் ஜெர்ரீஸ் ஐஸ்கிரீம் கடையின் பொம்மை மாடுகள் நிற்கின்றன. முகத்தை அல்ல, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு. கம்பெனி இதை மறைக்கவில்லை. இழப்பீடாக அந்த அறைக்காரர்களுக்கு இலவச ஐஸ்கிரீம் கொடுத்தது. மாட்டின் பின்புறத்துக்காக அந்த அறையையே தேடிப் பிடிப்பவர்களும் உண்டு. தெரிவதை முதலிலேயே சொல்லி, குறைக்கு ஈடும் கொடுத்தால் பயணி எதையும் ரசிப்பான் என்பதற்கு மனுதாரர் தாக்கல் செய்யும் சான்று அந்த மாடு.

ஏலத்தில் அந்த நேர்மை இல்லை. ‘பால்கனி’ என்ற வகைக்குத்தான் கேட்க முடியும். எந்த அறை என்பது தங்கள் சித்தம். நடன மண்டபத்தின் தலைமேல் அமையலாம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே அமைந்து, விடியுமுன் நாற்காலிகளை இழுக்கும் ஓசையோடு எழ நேரலாம். அலை ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். குமட்டல் வரும் என்று அங்கே தேடிப் பிடித்த உள்ளறையை விட்டுவிட்டு, முன்முனையில் உச்சித்தளத்து சூட்டுக்குக் காசு கொடுத்துப் போய், பயணம் முழுக்க வாளியோடு உட்காரவும் வாய்ப்பிருக்கிறது. சேர்ந்து வந்த சொந்தபந்தங்களுக்கும் இதே கதி. பக்கத்துப் பக்கத்து அறை வாங்கிய அண்ணன் தம்பி குடும்பங்கள் தனித்தனியே ஏலம் கேட்க வேண்டும். தம்பிக்குக் கிடைத்து அண்ணனுக்குக் கிடைக்காமல் போனால் அந்த வழக்கை மியாமி தீர்த்துவைக்காது.

மெம்பர்ஷிப் புள்ளிகள் பற்றியும் ஒரு வார்த்தை. ராயல்அப்பில் ஏலம் எடுத்து சூட்டில் படுத்தாலும், புள்ளிகள் முதலில் வாங்கிய அறையின் கணக்கில்தான் ஏறும். கட்டிலில் சூட்காரர், ஏட்டில் உள்ளறைக்காரர்.

இத்தனைக்கும் மக்கள் ஏன் கேட்கிறார்கள்? கப்பலுக்குள் இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டீர்கள். நார்வீஜியனின் ‘ஹேவன்’, 2008இல் எம்எஸ்சி ஃபேண்டாசியாவோடு வந்த ‘யாட் கிளப்’ எல்லாம் தனி நீச்சல்குளம், தனி உணவகம், அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் கதவு என்று இயங்குகின்றன. கியூனார்டில் எந்த அறையில் தூங்குகிறோமோ அதற்கேற்ற உணவகத்தில்தான் சாப்பாடு: குவீன்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில், மற்றவர்க்கு பிரிட்டானியா. வரிசை நீளமாக இருப்பதற்கும் வரிசையைத் தாண்டும் சீட்டு விற்பதற்கும் ஒரே முதலாளி. சீட்டு ஏலத்தில் நன்றாகப் போக வேண்டுமானால் வரிசையும் கொஞ்சம் நீளமாகவே இருக்க வேண்டும் என்று மனுதாரர் சந்தேகிக்கிறார். பால்கனிக்குக் கட்டும் பணத்தில் பாதி கடலுக்கு, மீதி நம்மைப் போன்ற மற்ற பயணிகளைப் பார்க்காமல் இருப்பதற்கு.

ஆகவே, காலி அறைகள் எத்தனை, கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை முள்ளுக்குப் பக்கத்திலேயே எண்ணில் காட்டுமாறும், பணம் எடுக்குமுன் அறை எந்தத் தளத்தில், எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று சொல்லி ஒருமுறை சம்மதம் கேட்குமாறும், தனியாக வருபவரிடம் ஓர் ஆளுக்குரியதை மட்டும் வாங்குமாறும், விக்ரியின் முறையை ஒரே ஒரு கப்பலிலாவது, ஒரே ஒரு வாரமாவது பரீட்சித்துப் பார்க்குமாறும் மனுதாரர் கேட்டுக்கொள்கிறார். இவற்றில் எதுவும் ஆகாதென்றால், பார்வை 1 முதல் 3 வரையிலான கடிதங்களைப் போன்ற நான்காவது ஒன்றை அனுப்பாமல், அவர் காசு கொடுத்து வாங்கிய உள்ளறையிலேயே அவரை நிம்மதியாகத் தூங்கவிடுமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறார்.

இங்ஙனம்,
ஜன்னலில்லா உள்ளறைப் பயணி