நீயே கையெழுத்துப் போடு

2.4 கெர்னல் காலத்து லினக்ஸுக்கு ஒளிவுமறைவு கிடையாது. பூட் ஆகும்போது வெள்ளை எழுத்துகள் கடகடவென்று மேலேறும்; எது எழுந்திருக்கவில்லையோ அதற்கு நேரே சிவப்பில் 'ஃபெயில்ட்' என்று நிற்கும்.

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய நெட்வொர்க் கார்டு. கூட வந்த ஃப்ளாப்பியில் விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவர். டார்ச் அடித்துச் சிப்பைப் படித்தால் 8139 என்றிருக்கும். அதற்கான மாட்யூல் 8139டூ. இன்ஸ்மாட் போட்டால் 'அன்ரிசால்வ்டு சிம்பல்' என்று வரிவரியாகக் கொட்டும். விஷயம் ஒன்றுமில்லை, எம்ஐஐ என்கிற இன்னொரு மாட்யூல் முன்னால் ஏறியிருக்க வேண்டும். மாட்ப்ரோப் போட்டால் அதுவே வரிசை பார்த்து ஏற்றிவிடும், டெப்மாட் எழுதிவைத்த கணக்கு சரியாக இருந்தால். பிறகு மாட்யூல்ஸ்.கான்ஃபில் ஈத்0-வுக்கு ஒரு அலியாஸ் வரி. அடுத்த பூட்டில் பச்சை விளக்கு எரியும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்தக் கார்டு வேண்டும். ஆகவே பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து, நோட்டில் எழுதி எடுத்துவருவோம். அதைப் பொற்காலம் என்று இன்று உருகுகிறவர்களில் பலர் அன்றைக்கு விண்டோஸ்தான் வைத்திருந்தார்கள்.

இப்போது அலியாஸ் எழுதும் வேலையே இல்லை. யூடெவ் கார்டைப் பார்த்ததும் மாட்யூலைக் கூப்பிட்டுக்கொள்கிறது. பூட்டில் லோகோவும் சுழலும் வட்டமும்தான். ஒருநாள் அந்த வட்டம் நின்றது, வீடியோ கார்டு எழவில்லை. டிஎம்எஸ்ஜி அடித்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. என் மெஷின், என் காசு. அதன் புலம்பலைக் கேட்க நான் சூடோ போட வேண்டும். போட்டுவிட்டு மாட்ப்ரோப் கொடுத்தால், 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. கெர்னல் அப்டேட் ஆனதும் டிகேஎம்எஸ் மாட்யூலை ஒழுங்காகத்தான் கட்டிவைத்திருந்தது. கையெழுத்து யாருடையது என்பதுதான் கேள்வி. மாட்யூலில் கையெழுத்துப் பார்க்கும் இந்த ஏற்பாடு 2012 டிசம்பரில் 3.7 கெர்னலோடு வந்தது. செக்யூர் பூட் இருந்தால் கறாராகக் கேட்கிறார்கள்.

அந்தக் கையெழுத்தை நாமே போடலாம் என்பதுதான் வேடிக்கை. ஜெராக்ஸில் 'செல்ஃப் அட்டெஸ்டட்' எழுதிக்கொள்கிற மாதிரி, நாமே சாவி செய்து, மாக்யூட்டிலில் மனுப்போட்டு, ரீபூட் செய்ய வேண்டும். நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது கீயைத் தட்ட வேண்டும். காபி எடுக்கப் போனால் மெஷின் பாட்டுக்குப் பழையபடி பூட் ஆகிவிடும்.

பக்கத்து சீட் தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணா, பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க."

பண்ணினேன். ஏறிவிட்டது. சரிபார்ப்புத் தோல்வி, 'டெயின்டிங் கெர்னல்' என்று லாகில் மட்டும் ஒரு வரி குறித்துவைத்திருக்கிறது.