மின்னெதிர்ப்பு: பெரம்பலூர், அரியலூர்ச் சான்றுகளுடன் ஒரு சிற்றாய்வு

எதிர்ப்பு இருவகைப்படும்: தின்றுவிடுவது, திருப்பித் தருவது. முன்னது தடை, வாங்கிய ஆற்றலை வெப்பமாக்கிக் கணக்கை முடித்துவிடும். பின்னது மறுப்பு, வாங்கியதைச் சற்று வைத்திருந்து திருப்பிவிடும். இரண்டும் சேர்ந்தது மின்னெதிர்ப்பு. இதற்கு 1886இல் ஆங்கிலப் பெயர் சூட்டிய ஆலிவர் ஹெவிசைடு அரியலூருக்கு வந்தவரல்லர். ஆயினும் கோட்பாடு பொருந்தவே செய்கிறது.

மறுப்பும் இருவகை. மின்தூண்டிக்கு மாற்றம் பிடிக்காது. மின்தேக்கியோ ஒரே திசையில் வருவதை மறித்து, மாறிமாறி வருவதையே விடும். மாறிமாறி வருவதில் எத்தனை முறை என்பது அலைவெண், எப்போது என்பது கட்டம். பெரம்பலூர் மாவட்டச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாக நடை திறப்பது திங்களும் வெள்ளியும். அந்நாள்களில் வருவோருக்கு எதிர்ப்பு சுழியம். செவ்வாயும் சனியும் வருவோர் வாரம் இருமுறை என்னும் அலைவெண்ணை வழுவாது காத்தும் கதவையே காண்பர். அலைவெண் பொருந்தினால் போதாது, கட்டமும் பொருந்த வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மாறுதிசை ஓட்டத்துக்கு மாவட்டமே சான்று. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்தது, 2002இல் இணைந்தது, 2007இல் மறுபடியும் பிரிந்தது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. இது ஏறத்தாழ ஏழாண்டுக்கு ஒன்று. மெதுவாயினும் அலை அலையே. பெயர்ப்பலகைக்குச் செலவான பெயின்ட் திரும்பாது. ஆகவே அது தடை. 2002இல் கழற்றிய பலகையைப் பரணில் போட்டுவைத்து 2007இல் மாட்டியிருந்தால் அது மறுப்பு.

இனி ஒலி. அதற்கும் எதிர்ப்பு உண்டு. ஒலிபெருக்கி யூனிட்டுக்குள் அதிரும் தகடு கனமானது, காற்று இலேசானது. நேரே சந்தித்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு ஏறாது. மெல்ல விரியும் குழாய் இடையே நின்று இரண்டையும் இணக்குகிறது. நாகசுரத்தின் அணைசுக்கும் இப்பணியில் பங்குண்டு. செவிக்குள் மூன்று சிற்றெலும்புகள் இதையே தலைகீழாகச் செய்து, காற்றிலிருந்து உட்செவித் திரவத்துக்கு ஒலியை ஏற்றுகின்றன. அவையின்றேல் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கே உள்ளே போகும். ஆக, ஆடி மாதத்து வேப்பமரக் குழாய்க்கும் வீட்டுக்குள் உறங்க முயலும் செவிக்கும் இடையே இருமுனையிலும் ஏற்பாடு குறைவின்றி உள்ளது.

குழாய் ஒவ்வொன்றின் மின்னெதிர்ப்பும் 16 ஓம் எனில், பக்க இணைப்பில் இரண்டு 8, நான்கு 4. ஆம்ப்ளிஃபயரின் முதுகிலும் 4, 8, 16 என்றே திருகுகள் இருக்கும். மைக்செட்காரர் ஒயர் முனையைப் பல்லால் உரித்து, முறுக்கி, எண்ணைப் பாராமலே உரிய திருகில் மாட்டுகிறார். ஐந்தாவது குழாய் கேட்ட நாட்டாமைக்கு அவர் அளித்த விடை: "இதுக்கு மேல மாட்டுனா ஆம்ப்ளி சுட்டுரும்ணே." பாடநூல்கள் இதற்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்கின்றன.

அன்றாட வழக்கில் இவ்வியல் அலுவலகங்களிலேயே செழிக்கிறது. மனு திரும்பி வந்தால் மறுப்பு, வராவிட்டால் தடை. புதியதை ஏற்காத மேசையும் பழையதை ஏற்காத மேசையும் ஒரே சுற்றில் தொடராக அமைந்து, இரண்டும் சம வலிமையில் முரணினால் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். எஞ்சுவது தடை மட்டுமே, ஓட்டம் உச்சம் பெறும். ஒத்ததிர்வு எனப்படும் இந்நிலை, எல்லா மேசையும் ஒரே பந்தலுக்குள் வரும் ஜமாபந்தி நாளில், முற்பகலில் காணக்கிடைக்கிறது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் கட்டம் மாறிவிடும்.