வடிகட்டினதெல்லாம் எங்க போச்சு கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. காலைப் பார்த்து வை, தெர்மக்கோல் உருண்டை கிடக்குது. நேத்து ராத்திரி உன்ற மிசின் பெட்டியைப் பிரிச்சியே, அதுல கொட்டுனது. வெடியால உங்க அமுச்சி சீமாறு எடுத்தா. கூட்டினா சீமாத்துல ஒட்டுது. உதறினா சேலையில ஒட்டுது. அதுக்குள்ள ஆடிக்காத்து ஒரு அடி அடிச்சுது பாரு, பாதி உருண்டை பறந்து போயிக் கட்டுத்தரைத் தாழியில எறங்கிருச்சு. எருமை தாழியை ஒருக்காப் பார்த்துது, என்னைய ஒருக்காப் பார்த்துது. நான் என்னத்தைச் சொல்றது? பேரன் தண்ணியிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிக்கற மிசின் கொண்டாந்திருக்கான் தாயி, சித்தெ பொறுத்துக்கோன்னேன்.

18,000 ரூவாய்ன்னே. நல்லா இருக்கட்டும். வாங்கினதுக்கு அப்புறம் குத்தம் சொல்ற வழக்கம் எனக்கில்லை. வாங்கறதுக்கு முன்னாடி சொல்லலாம்னா, என்னைய எவன் கேட்டான்?

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தண்ணியில இருக்குது அப்பிச்சின்னு நீ மெரட்டினப்ப நான் சிரிச்சேன்னு கோவிச்சுக்கிட்டே. அட சாமி, இந்த வயசுல கண்ணுக்குத் தெரியாத சாமானம் எனக்கு எத்தனையோ இருக்குது. மூக்குக்கண்ணாடியவே தினமும் ரெண்டு தடவை தேடறேன். ஆனா நீ சொன்ன சங்கதி பொய்யில்லைன்னு எனக்குத் தெரியும். உன்ற தங்கச்சி கோயமுத்தூர்ல அதைத்தானே படிக்கறா? ஞாயித்துக்கிழமையானா போன்ல எனக்குப் பாடம் நடத்தறா. பரீச்சைக்கு அவ படிக்கறா, பாஸ் நான் பண்ணிருவேன் போலிருக்குது.

5 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கற பிளாஸ்டிக் துணுக்குன்னா அது மைக்ரோபிளாஸ்டிக். துவரம்பருப்பு அளவுல ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்கோ. மில்லிமீட்டரை ஆயிரமாக் கிழிச்சா ஒரு மைக்ரான். அதுக்கும் கீழ போனா நானோவாம். இங்கிலாந்துல பிளைமவுத்னு ஒரு தொறைமுக ஊரு. அங்கத்த பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்ப்சன் 2004ல கடல்மணலை அள்ளிச் சலிச்சுப் பார்த்து எழுதின பொறகுதான் இந்தப் பேரு ஊரெல்லாம் பரவுச்சாம். மணலைச் சலிச்சவனுக்கு மருவாதி உண்டு கண்ணு. நம்மூர்ல மணலை அள்ளினவனுக்குத்தான் மருவாதி.

சரி, பிடிக்கறது எப்படி? அதுக்கு ஒண்ணும் பஞ்சமில்லை. மணல்மேல ஊத்தி வடிய விடறது ஒண்ணு. தண்ணிக்குள்ள பொடிப்பொடிக் காத்துக் குமிழியை விட்டு, அழுக்கை நுரையோட மேல தூக்கி வழிச்சு எடுக்கறது ஒண்ணு. சாக்கடையைத் திங்கற கிருமியையும் சல்லடைத் தோலையும் ஒரே தொட்டியில வெச்சு உறிஞ்சறது இன்னொண்ணு. பின்லாந்துக்காரங்க 2017ல இதையெல்லாம் அளந்து பார்த்தாங்க. மணல் நூத்துக்கு 97 பிடிச்சுது, காத்துக் குமிழி 95, அந்தக் கிருமித் தொட்டி 99.9. கேக்கறப்பவே குளுகுளுன்னு இருக்குதல்ல? இதுல ஒரு சின்ன விசயம் இருக்குது. அவங்க எண்ணினது 20 மைக்ரானுக்கு மேல இருக்கறதைத்தான். அதுக்குக் கீழ இருக்கறது கணக்குலயே வரலை. நம்ம பஞ்சாயத்துல தெருநாயை எண்ணின மாதிரி, பகல்ல தூங்கிட்டிருந்ததை மட்டும்.

அட, அதை விடு. பிடிச்ச 97 எங்க போச்சுன்னு உன்ற தங்கச்சியக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போயிருச்சோன்னு நெனச்சேன். கசடோட போகுதுங்க அப்பிச்சின்னா. கசடு எங்க போகுது? காய வெச்சு எருவா வயலுக்குப் போடற ஊரு நிறைய இருக்குதுங்க அப்பிச்சின்னா. ஓ, அப்படியா? ஆத்துக்குப் போக வேண்டியதை வழி மறிச்சுக் காட்டுக்கு அனுப்பறாங்க. அடுத்த மழைக்கு அது எங்க போகும்னு நான் கேக்கலை. புள்ளைக்குப் பரீச்சை நேரம்.

இந்தக் கேள்வி நான் புதுசாக் கண்டுபிடிச்சதில்லை கண்ணு. நொய்யலாத்தங்கரையில பொறந்தவனுக்கு வேற கேள்வி எதுக்கு? சாயத்தண்ணி ஒரு சொட்டுக்கூட ஆத்துல விடக்கூடாதுன்னு கோர்ட்டு கெடுபிடி பண்ணி, 2011ல திருப்பூரு சாயப்பட்டறையை எல்லாம் மூட வெச்சுதே, ஞாபகமிருக்குதா? உனக்கு எங்க இருக்கும், நீ அப்ப பம்பரம் விட்டுட்டிருந்தே. பொறகு பொதுச் சுத்திகரிப்பு ஆலைக்காரங்க உன்ற மிசினுக்குப் பாட்டன் மிசினையெல்லாம் கொண்டாந்து தண்ணியைத் திரும்பப் பிரிச்சாங்க. பெரிய வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பிரிச்ச கசடு மூட்டை மூட்டையாக் கொட்டாயில ஏறிக் கிடந்துச்சு. அதை எங்க வைக்கறதுன்னு தனியா ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. தண்ணி தெளியும் சாமி. தெளிஞ்சதுக்கு அடியில ஒண்ணு உக்காந்திருக்கும்.

தெளியறதுன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஆலைக்கொட்டாயில நாட்டுச்சக்கரை காய்ச்சினப்ப நீ பொறக்கவே இல்லை. கொப்பரையில கரும்புப்பால் கொதிக்கறப்ப வெண்டைத் தண்டை இடிச்சு ஊறவெச்ச கோழைத்தண்ணியை ஊத்துவோம். அந்தக் கோழை இருக்குதே, அழுக்கையெல்லாம் தோள்ல கை போட்டுக் கூட்டிக்கிட்டு மேல வந்துரும். பெரிய கரண்டியில வழிச்சு எறிஞ்சிருவோம். இல்லாட்டிச் சக்கரை கருத்துப் போயிரும், சந்தையில பாதி வெலைக்குக் கேப்பான்.

இப்ப அமெரிக்காவுல, டெக்சாஸ்ல, டார்ல்டன் பல்கலைக்கழகத்து ரஜனி ஸ்ரீனிவாசன்னு ஒரு அம்மா அதே வெண்டைக்காயையும் வெந்தயத்தையும் ஊறவெச்சுக் கோழையெடுத்து, உலர்த்திப் பொடி பண்ணி, பிளாஸ்டிக் கலந்த தண்ணியில போட்டுப் பார்த்திருக்காங்க. லிட்டருக்கு 1 கிராம். ஒரு மணி நேரத்துல வெந்தயம் நூத்துக்கு 93, வெண்டை 67. கோழையோட நீளநீளச் சக்கரைச் சங்கிலி துணுக்கைப் பிடிச்சு உருட்டிக் கட்டியாக்குது. கனம் கூடினா அடியில உக்காந்துருது. கடல்தண்ணிக்கு வெண்டை நல்லா வேலை செஞ்சுது, நிலத்தடித் தண்ணிக்கு வெந்தயம். பார்த்தியா, தண்ணிக்கும் பக்குவம் பார்க்குது. வழக்கமா இந்த வேலைக்கு ஊத்தறது பாலிஅக்ரிலமைடு. அதுவும் பெட்ரோல் வம்சம்தான். திருடனைப் பிடிக்கத் திருடனோட பங்காளியையே அனுப்பற மாதிரி.

இதைச் சொன்னதும் உங்க அமுச்சிக்குத் தலைகால் புரியலை. நாங்க செஞ்சதையெல்லாம் இப்பத்தான் அமெரிக்காக்காரன் கண்டுபிடிக்கறானான்னு தெருவெல்லாம் சொல்லிட்டா. நான்தான் அடக்கினேன். தேத்தாங்கொட்டையைப் பானைக்குள்ள தேச்சுக் கலங்கல் தண்ணியைத் தெளிய வெச்சோம், நெசம். கலித்தொகையிலேயே அது உவமையா இருக்குதுன்னு எங்க வாத்தியாரு சொல்லுவாரு. ஆனா அன்னைக்குத் தண்ணியில இருந்தது சேறு. பிளாஸ்டிக்கை நம்ம பாட்டன் பார்த்ததே இல்லை. பார்க்காத வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சான்னு பீத்திக்கிட்டா, அந்தப் பாட்டனே சிரிப்பான். அதுவுமில்லாம குடுவையில தெளிஞ்சது குளத்துல தெளியணும். ஒரு ஊருக் குடிதண்ணிக்கு எத்தனை மூட்டை வெந்தயம் வேணும்னு கணக்குப் போடு. சாம்பாருக்கு மிச்சமிருக்காது.

காந்தம் ஒண்ணு இருக்குதுன்னு சொன்னியே, அதையும் கேட்டுட்டேன். அயர்லாந்துல ஃபியன் ஃபெரேரான்னு ஒரு பையன். கடற்கரைப் பாறையில சிந்தின எண்ணெயில பிளாஸ்டிக் துணுக்கு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கான். பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஆகாது, எண்ணெய்தான் ஆகும். சமையல் எண்ணெயில இரும்புக்கல் பொடியைக் கலந்து தண்ணியில விட்டான். துணுக்கு எண்ணெய்க்குள்ள போச்சு, காந்தம் எண்ணெயைத் தூக்கிருச்சு. நூத்துக்கு 87 கிட்ட. 2019ல கூகுள் அறிவியல் போட்டியில மொதப் பரிசு, வயசு 18. அந்த வயசுல நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு நான் கேக்க மாட்டேன், உங்கம்மா வருத்தப்படுவா.

இதையெல்லாம் விட எனக்குப் பிடிச்சது சீனாக்காரன் கதை. குவாங்சோவுல 2024ல தண்ணியைச் சும்மா அடுப்புல வெச்சுக் கொதிக்க வெச்சாங்க. உப்புத்தண்ணியாப் பார்த்து, அதான் சுண்ணாம்பு கனமா இருக்கற தண்ணி. கொதிக்கறப்ப சுண்ணாம்பு பொருக்குக் கட்டுதல்ல? அந்தப் பொருக்கு பிளாஸ்டிக்கைத் தனக்குள்ள வெச்சு மூடிக்குது. ஆற வெச்சு வடிகட்டினாப் போதும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு இருந்த தண்ணியில நூத்துக்கு 90 வரைக்கும் போச்சாம். நல்ல மெல்லிசான தண்ணியில 25தான்.

நம்ம போர்த்தண்ணி எப்படி? அமுச்சியோட சுடுதண்ணிப் போசியைத் தொட்டுப் பாரு, உள்ள வெள்ளையா ஒரு வெரக்கட பொருக்கு. இத்தனை வருசமா அவ அதைப் புளி போட்டுத் தேச்சுத் தேச்சுத் திட்டிட்டு இருந்தா. நீ 18,000 குடுத்து, அந்தச் சுண்ணாம்பை மொதல் காரியமா வெளிய தள்ளற மிசினை வாங்கியாந்திருக்கே. சும்மா வேலை செய்யற பண்ணையாளை வெரட்டிட்டுச் சம்பளத்துக்கு ஒருத்தனை வெச்ச கதை. மொறைக்காதே. வடிகட்டறதுன்னா பருத்தித் துணியில வடிகட்டணும். உன்ற பாலியஸ்டர் துண்டை எடுத்து வெச்சுட்டியானா, போனது உள்ள வந்துரும்.

உன்ற மிசினைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஓரவஞ்சனை வேணாம். அது பிடிக்குது. துணுக்குப் போக முடியாத அளவுக்கு அதோட தோல்ல ஓட்டை சிறுசு. ஆனா அந்தத் தோலே பாலிஅமைடு, நைலான் சாதி. அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க 2024ல பாட்டில் தண்ணியை லேசர் வெச்சு எண்ணினாங்க. லிட்டருக்குச் சராசரியா 2,40,000 துணுக்கு, பத்துக்கு ஒம்பது நானோ. பாட்டில் செஞ்ச பிளாஸ்டிக்கை விட அதிகமா இருந்தது எது தெரியுமா? பாலிஅமைடு. தண்ணியைச் சுத்தம் பண்ணின வடிகட்டியில இருந்தே உதிர்ந்திருக்கும்னு அவங்களே சொல்றாங்க. வேலியே கொஞ்சம் மேயுது. வேலியைப் பிடுங்கிப் போடுன்னு சொல்லலை, வேலி மேயாதுன்னு மட்டும் சத்தியம் பண்ணாதே.

அப்புறம் அந்த மிசினுக்குப் பின்னாடி ஒரு ட்யூப் தொங்குதே, கழிவுத்தண்ணியைச் சலசலன்னு ஊத்திட்டு? அது எங்க போகுது? வாய்க்கா வழியா நம்ம தென்னைக்குழிக்கு. தென்னை எளனி குடுக்கும். எளனியை நீ ஸ்ட்ரா போட்டுக் குடிப்பே.

சிரிச்சுட்டியா? சரி, இப்ப சொல்றதுக்குக் கோவிச்சுக்கக் கூடாது. உங்க கம்பெனி பாட்டிலை உருக்கிப் பனியன் நெய்யுதுன்னு தீபாவளிக்கு வந்தப்ப பெருமையாச் சொன்னே. நானும் பெருமைப்பட்டேன். பொறகு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அந்தப் பாட்டிலு அது பாட்டுக்கு ஒரு குப்பைமேட்டுல கெட்டியாக் கிடந்துச்சு. அதை எழுப்பி, நூலா நூத்து, பனியனாக்கி, மிசின்ல போட்டுச் சுத்து சுத்துன்னு சுத்தினா? அதே பிளைமவுத்துக்காரங்க 2016ல துணி தொவைச்சுப் பார்த்தாங்க. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருக்காத் தொவைச்சா 7,00,000 நூலுக்கும் மேல கழண்டு போகுதாம். நடக்க முடியாமக் கிடந்த பாட்டிலுக்குக் காலு வெச்சு ஆத்துக்கு அனுப்பினது நீங்கதான்.

ஃபிரான்சுக்காரன் 2020லயே சட்டத்துல எழுதி வெச்சான், 2025 ஜனவரியில இருந்து புது வாசிங்மிசினுக்கெல்லாம் நூல் பிடிக்கற வடிகட்டி வேணும்னு. எனக்குப் பட்டது, இத்தனை வித்தையிலயும் இதுதான் புத்தி. கோழி கூட்டுல இருக்கறப்பவே பிடிக்கணும், இட்டேரி தாண்டின பொறகு ஊரே கூடித் தொரத்தினாலும் எறகுதான் மிச்சம். உங்கம்மா வீட்டு மிசின்லயும் ஒரு சின்னப் பை இருக்குது, போன மாசம் வந்தப்பக் கழட்டிப் பார்த்தேன். சாம்பல் கலர்ல பூனைக்குட்டியாட்டம் பஞ்சு. உங்கம்மா என்ன பண்ணினா? வாங்கி, கொழாய்க்கு அடியில புடிச்சு, சுத்தமா அலசி, மறுபடியும் மாட்டிட்டா. பஞ்சு எங்கன்னேன். போயிருச்சுங்கப்பான்னா. போயிருச்சாம்!

இருக்கட்டும், நேரமாச்சு. இந்தா போசி, இந்தா உங்க அமுச்சியோட பழைய பருத்திச் சேலைத் துண்டு. தாழியில மிதக்கற உன்ற உருண்டையை வடிகட்டிக் கொண்டா. வெந்தயம் வேணும்னா அமுச்சியக் கேளு, காந்தம் வேணும்னா ரேடியோப் பெட்டியில ஒண்ணு இருக்குது. வடிகட்டினதை எங்க கொட்டறதுன்னு யோசிச்சுட்டே போ. உன்ற தங்கச்சி வீடியோவுல வந்துட்டா, அவளும் பார்க்கட்டும். எருமைகிட்ட மட்டும் பார்த்துப் போ சாமி, வெடியாலயிருந்து தண்ணி குடிக்காம நிக்குது.